டிஸ்க் பிதுங்கியபோது எனக்கு யாரும் சொல்லாதவை

இடுப்பு வலியோடு இதைப் படிக்கிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் மட்டும் கொஞ்சதூரம் நடங்கள். பிறகு நுனிக்காலில் நடங்கள். அப்புறம் உட்கார்ந்து இரண்டு கால் பெருவிரலையும் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, வீட்டில் யாரையாவது கீழே அழுத்தச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பலத்தோடு எதிர்த்து நின்றால் மீதியை நிதானமாகப் படிக்கலாம். ஒன்று சட்டென்று மடங்கிவிட்டால் இதை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போய்வந்து படியுங்கள். வலி எவ்வளவு என்பதைவிட கால் என்ன செய்கிறது என்பதுதான் இந்த நோயில் பெரிய விஷயம். எனக்கு இது புரிவதற்குள் ஒன்றரை மாதம் போனது, கையிலிருந்து 40,000 ரூபாய்க்கு மேல் போனது, வருஷத்தில் நான் நாலு காசு பார்க்கும் ஒரே சீசனும் போனது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரி. வீட்டோடு சேர்ந்த முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். வீட்டுக்காரர் கத்தாரில். மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் நானும் மாமியும் பிளஸ் ஒன் படிக்கும் மகனும்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் எனக்கு யூனிபார்ம் சீசன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமுன் கொடுத்தாக வேண்டும் என்பதால் காலைச் சாயா குடித்துவிட்டு உட்கார்ந்தால் ராத்திரி ஜெபத்துக்குத்தான் எழும்புவேன். அப்படிக் குனிந்தே இருந்த ஒரு மே மாதச் சாயங்காலம், விளையில் விழுந்து கிடந்த ஒரு சக்கையை, அதாவது பலாப்பழத்தை, தூக்கினேன். நல்ல மூத்த சக்கை. தூக்கின வாக்கில் உடம்பைத் திருப்பி மதில்மேல் வைக்கப் போனபோது இடுப்பில் சுள்ளென்று ஒன்று. சக்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும்: குனிவது, எடை தூக்குவது, அதோடு சேர்ந்து திரும்புவது, இந்த மூன்றையும் ஒரே அசைவில் செய்வதுதான் நடுமுதுகுக்குக் கீழே உள்ள எலும்புகளுக்கு ஆகவே ஆகாத வேலை. எடை தூக்கத்தான் வேண்டும் என்றால் முட்டியை மடக்கி, பொருளை நெஞ்சோடு அணைத்து எழும்பி, இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும்.

முதல் சில நாள் இடுப்பில் மட்டும்தான் வலி. "வாயு கேறினதாக்கும் மக்ளே, ஒண்ணும் ஆவாது" என்று மாமி பூண்டும் நல்லமிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துத் தந்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தைத்தேன். பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்க்கக் குனிந்தபோது தும்மல் வந்தது. தும்மினதும் வலி இடது பிட்டத்திலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, பாதத்தின் மேற்பக்கம் வரை போய் நின்றது. அதன்பிறகு இடுப்பு வலி ஒரு பொருட்டாகவே இல்லை. கால்தான் உயிரை எடுத்தது. உட்கார முடியாது. உட்காராமல் தையல்காரிக்குப் பிழைப்பேது?

இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் மெத்தை போல டிஸ்க். ஓரத்தில் கெட்டியான நார், நடுவில் கொழகொழப்பு. கொழுக்கட்டையை ஒரு பக்கமாக அழுத்தினால் மறுபக்கம் மாவு விரிந்து பூரணம் வெளியே வருமே, அதுதான் நடக்கிறது. டிஸ்க் விலகிவிட்டது, நழுவிவிட்டது என்கிறோம். முழு டிஸ்கும் எங்கும் நழுவுவதில்லை. உள்ளே இருப்பது பிதுங்கிப் பக்கத்தில் போகும் நரம்பின் வேரைத் தொடுகிறது. தொட்டு நெருக்குவது மட்டுமில்லை, பிதுங்கினதில் உள்ள பொருள் நரம்பை வீங்கவும் வைக்கிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க, வலி பாதத்தில் தெரிகிறது. பெரும்பாலும் இது கீழே உள்ள இரண்டு டிஸ்குகளில்தான் வரும்: நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், அல்லது ஐந்தாவதுக்கும் அதற்குக் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவில். எனக்கு முதலாவது. அதில் பெருவிரலைத் தூக்கும் பலம் குறையும், பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போகும். கீழ் டிஸ்க் என்றால் நுனிக்காலில் நிற்கமுடியாது, குதிகாலும் சுண்டுவிரல் பக்கமும் மரக்கும். மேலே சொன்ன நடைப் பரிசோதனை அதற்காகத்தான்.

எனக்கு இது எதுவும் தெரியாத நேரத்தில் நடந்த ஒன்று. முடுக்கில் நடந்து கடைக்குப் போனேன். வீடு திரும்பிப் பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டு வந்து, "அத்தே, ரோட்டுல கெடந்துது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். செருப்பு கழல்வது தெரியாமல் நடப்பது, வாசற்படியில் விரல் இடறுவது, மெஷின் பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது: இவை எல்லாம் நரம்பு பலம் இழக்கிறது என்று சொல்கிற அடையாளங்கள். வலி தெரிகிற அளவுக்கு இவை தெரியாது. அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

நம்ம மாவட்டத்தில் நடுவு, அதாவது இடுப்பு, பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் தடவுகிறவர் வீட்டுக்குத்தான் போவோம். நானும் போனேன். யாரென்று சொல்ல வேண்டாம். படம் எதுவும் எடுக்கவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. "டிஸ்க் வெலகியிருக்கு, ஏழு நாள்ல கேத்தி வச்சுத் தாறேன்" என்றார். தைலம், கிழி, கஷாயம் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய், முதலிலேயே தரவேண்டும். பாயில் குப்புறப் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் சவிட்டித் தடவினார். முதல் நாள் ராத்திரி சுகமாகத் தூங்கினேன், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்தடுத்த நாளில் எழும்பி நிற்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "கெட்ட வாயு வெளிய வருது, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். பாதியில் நிறுத்தினேன். பணம் திரும்ப வரவில்லை.

அண்ணன் வந்து, விளவங்கோடு பக்கம் ஒரு வயதான வர்ம ஆசானிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். பெருவிரலைத் தூக்கச் சொன்னார். விரல்களுக்கு நடுவில் கிள்ளிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "வெரலு சொன்ன பேச்சு கேக்கல்ல மக்ளே. இதுல நான் கை வைக்கப்பிடாது. நீ போய் படம் எடுத்துப் பாரு. நரம்பு தெளிஞ்ச பொறவு வா, தைலம் போடலாம்" என்றார். அஞ்சு பைசா வாங்கவில்லை. பாரம்பரிய வைத்தியமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராமல் போனதற்குக் காரணம் அவர்தான். அந்த வழியில் போக விரும்புகிறவர்கள், உங்களைத் தொடுவதற்குமுன் காலின் பலத்தையும் உணர்ச்சியையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காமல் முதுகில் ஏறுகிறவரிடம் படுக்காதீர்கள். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது; படித்த வைத்தியர் பரிசோதித்து முடிவு சொல்லுவார், முன்பணம் கேட்கமாட்டார்.

எம்.ஆர்.ஐ.க்கு 6,500 ரூபாய். அந்தக் குழலுக்குள் அரைமணி நேரம் மல்லாந்து அசையாமல் படுப்பது எனக்கு ஸ்கேனைவிடப் பெரிய தண்டனை. முட்டிக்குக் கீழே தலையணை கேளுங்கள், தருவார்கள். நான் கேட்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், பிறகுதான் வேறொருவருக்கு வைத்துக் கொடுப்பதைப் பார்த்தேன். ரிப்போர்ட் வந்தது. டிஸ்க் உலர்ந்திருக்கிறது, பல்ஜ் (லேசான புடைப்பு) இருக்கிறது, எக்ஸ்ட்ரூஷன் (உள்பொருள் பிதுங்கி வெளியே வந்தது) இருக்கிறது, இடது நரம்பு வேர் நெருக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பக்கம் நிறைய. அதைக் கையில் பிடித்தபடி தனியார் டாக்டர் ஒருவர் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்கு. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க. விட்டா கால் போயிடும்." 1,60,000 ரூபாய் ஆகும் என்று கவுண்டரில் எழுதித் தந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரியை மறக்கமுடியாது. வீட்டுக்காரர் வீடியோவில், "பணம் பாத்துக்கலாம், நீ செய்துடு" என்கிறார், குரல் உடைகிறது. மாமி, "முதுகுல கத்தி வச்சா பின்ன எழும்பமாட்டா" என்று அடுக்களையில் அழுகிறார்கள். மகன் ஒன்றும் பேசாமல் எனக்கு வெந்நீர் பை நிரப்புகிறான். முடிந்துபோனேன் என்றே நினைத்தேன். மகள்தான் போனில், "அம்மா, அந்த டாக்டர் உனக்க காலைத் தொட்டுப் பாத்தாரா?" என்று கேட்டாள். இல்லை. "அப்ப இன்னொருத்தர்ட்ட காட்டாம நீ எங்கயும் படுக்காண்டாம்."

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். திங்கள்சந்தை வழியாகப் போகும் பஸ்ஸில் பின்சீட்டில் ஏறாதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்; இரண்டு டயருக்கும் நடுவில் உள்ள சீட்டு, அல்லது காரில் முன்சீட்டைச் சாய்த்து வைத்துக்கொள்வது. வரிசை நீளம். உட்காரமுடியாதவள் என்பதால் சுவரோரம் நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். முறை வந்ததும் டாக்டர் படத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, பாதம் வரை வலி இறங்கியது. சுத்தியலால் தட்டினார். ஊசிமுனையால் பாதத்தில் இங்கேயும் அங்கேயும் குத்தி, தெரிகிறதா என்றார். பெருவிரலைத் தூக்கச் சொல்லி அழுத்தினார். இடதுபக்கம் கொஞ்சம் பலம் குறைவு, ஆனால் எதிர்த்து நிற்கிறது.

அதற்கப்புறம் கேட்டது பெண்கள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி. "யூரின் போறதுல ஏதாவது மாற்றம் இருக்கா? மோஷன்?" சுற்றி இளவயதுப் பையன்கள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார்கள். நான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று அவசரமாகச் சொன்னேன். கூட இருந்த பெண் டாக்டர் திரையை இழுத்துவிட்டு, தணிந்த குரலில் மறுபடி கேட்டார். "அக்கா, கழுவும்போது அந்த எடம் மரத்த மாதிரி இருக்கா? யூரின் வாறது தெரியுதா? முட்டினாலும் வராம நிக்குதா? தும்மினா சொட்டுதா?" தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றின இடமும் மரப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் தெரியாமல் போவது, இரண்டு காலும் சேர்ந்து தளர்வது, இதில் எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை, நடுராத்திரி என்று பார்க்காமல் எமர்ஜென்சிக்கு வரவேண்டும் என்றார். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் கொத்தாக நெருக்கப்படும்போது இப்படி ஆகும். காடா ஈக்வைனா என்று பெயர். ஒரு நாள் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுக்காவிட்டால் அந்தக் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம். அபூர்வம்தான். ஆனால் வலி மாத்திரையால் அடங்கியிருக்கும்போது, மரத்த இடத்தைப் பற்றி மாமியிடமும் மகனிடமும் எப்படிச் சொல்வது என்று ஒருத்தி இரண்டு நாள் பேசாமல் இருந்தால் போதும், காரியம் கெட்டுவிடும். வெட்கத்தை விடுங்கள். வீட்டில் ஆம்பளைகளும் இதைக் கேட்கப் பழகுங்கள்.

எனக்கு அவர்கள் சொன்ன முடிவு: ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆறு வாரம் பார்க்கலாம். விரல் பலம் இன்னும் குறைந்தால் அன்றைக்கே வரவேண்டும். நான், "பிதுங்கினது பிதுங்கினதுதானே சார், எப்படி உள்ளே போகும்?" என்றேன். உள்ளே போகாது, உடம்பே அதை அரித்துக் கரைக்கும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகளிடம் கேட்டேன். அவள் படித்துவிட்டு விளக்கினாள். டிஸ்கின் உள்பொருள் வெளியே வந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, கிருமியைத் தின்னும் அணுக்களை அனுப்பித் தின்ன வைக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், லேசான பல்ஜைவிடப் பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுதான் அதிகம் கரைகிறது. ரிப்போர்ட்டில் என்னைப் பயமுறுத்தின எக்ஸ்ட்ரூஷன் என்ற சொல்தான் எனக்கு அனுகூலமாக இருந்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னாள். இடுப்பு வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வலியில்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்கு பல்ஜ். அதாவது நம் தெருவில் மண்வெட்டியோடு போகிற பாதிப்பேரைப் படம் எடுத்தாலும் ரிப்போர்ட் இதே பாஷையில்தான் வரும். படத்தில் இருப்பதும் காலில் தெரிவதும் ஒத்துப்போனால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

ஆபரேஷன் கெட்டது என்று இதை வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஒரு ஆய்வில், என்னைப் போலக் கால்வலி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மற்றப் பகுதிக்குக் காத்திருந்து வைத்தியம் என்று பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருஷம் ஆனபோது இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை. காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் முடியாமல் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆக, பலம் பெரிதாகக் குறையாதவர்களுக்கு இது அவரவர் தாங்கும் சக்தியையும் வேலையையும் பொறுத்த முடிவு. பிசியோதெரபி அறையில் குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணனைப் பார்த்தேன். அவருக்குப் பாதமே தொங்கிவிட்டது. மலைச்சரிவில் தடுக்கித் தடுக்கி விழுந்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்த அடுத்த நாளே கால்வலி போய்விட்டதாம். பாதம் மட்டும் மாதக்கணக்காகியும் முழுதாகத் தூக்க வரவில்லை. "முன்னமே வந்திருந்தா இதும் கெடச்சிருக்கும்னு சொல்லுதாவ" என்றார். அவருக்குக் காத்திருப்பது தப்பு, எனக்குக் காத்திருப்பது சரி. வித்தியாசம் காலில் இருந்தது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் ஆபரேஷன் என்று ஆனால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை அதில் இடமுண்டு.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, சிறுநீரகக் கோளாறோ அல்சரோ இருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லவேண்டும், மெடிக்கலில் சொந்தமாக வாங்கி மாதக்கணக்கில் தின்னக்கூடாது. தனியார் டாக்டர் எழுதித் தந்த ப்ரீகாபாலின் என்ற நரம்பு மாத்திரை எனக்குத் தலைசுற்றலைத்தான் தந்தது, குளியலறையில் விழப்பார்த்தேன். 2017-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு ஆய்வில் இந்த வகைக் கால்வலிக்கு அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று வந்திருக்கிறது. பயன் தெரியாவிட்டால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள், நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். 900 ரூபாய் பெல்ட்டை வெளியே போகும்போது மட்டும் கட்டினேன். நாள் முழுக்கக் கட்டினால் முதுகுத் தசை சோம்பேறியாகிவிடும் என்று பிசியோ பிள்ளை திட்டினாள்.

அந்தப் பிசியோ பிள்ளையைப் பற்றித்தான் நான் பக்கம் பக்கமாக எழுதவேண்டும். கட்டிலில் படுத்தே கிடக்கக்கூடாது என்பது அவளுடைய முதல் சட்டம். வலி உச்சத்தில் உள்ள ஓரிரு நாள் சரி, அதற்குமேல் படுத்துக் கிடந்தவர்களைவிட முடிந்தமட்டும் நடமாடினவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். எனக்கு அவள் சொல்லித்தந்தது குப்புறப் படுப்பது. முதலில் வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்து. சில நாள் கழித்துத் தலையணை இல்லாமல். அப்புறம் முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கி. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்ச நேரம். "வலி எங்க போய் முடியுதுன்னு தினமும் எழுதி வையிங்க அக்கா" என்றாள். அளவு எழுதும் நோட்டில் சட்டை அளவுக்குப் பக்கத்தில் எழுதினேன்: பாதம், பாதம், கணுக்கால், கெண்டை, மறுபடி பாதம், கெண்டை, முட்டி. வலி பாதத்திலிருந்து மேலே ஏறி இடுப்பை நோக்கி வந்தால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் அது நல்ல செய்தி. இடுப்பு வலி குறைந்து காலுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட வேண்டும். இது யாரும் எனக்குச் சொல்லாத ரகசியம். இல்லாவிட்டால் இடுப்பில் வலி கூடினதைப் பார்த்துப் பயந்து, ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் வேறு வைத்தியத்துக்கு ஓடியிருப்பேன். ஒன்று கவனியுங்கள், எல்லாருக்கும் குப்புறப் படுப்பது சேராது. வயதானவர்களுக்கு, முதுகெலும்புக்குள் நரம்பு போகும் குழாய் குறுகினவர்களுக்கு இது வலியைக் கூட்டும். பரிசோதித்துச் சொல்கிறவரிடம் ஒருமுறையாவது காட்டிவிட்டுச் செய்யுங்கள். வீட்டைவிட்டு இறங்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைக் கொடுங்கள்.

வீட்டுக்குள் நான் பட்ட பாட்டில் பாதி கக்கூஸில். குந்தி உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழும்ப முடியாது, முக்கினால் பாதம் வரை வலி. அதற்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்தேன், அதனால் இன்னும் கட்டியது. 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் கம்மோடு நாற்காலியை முதல் வாரமே வாங்குங்கள். ராத்திரி இரண்டு பாளையங்கோட்டன் பழமும் நிறையத் தண்ணீரும். படுக்கையிலிருந்து எழும்பும்போது மல்லாந்தபடி நேராக எழும்பக்கூடாது. முட்டியை மடக்கி, உடம்பு மொத்தமாக ஒரு பக்கம் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழும்பவேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. கேஸ் சிலிண்டரைக் கொண்டுவருகிற தம்பியே அடுக்களையில் மாட்டிவிட்டுப் போகட்டும், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொரு கஷ்டம் உண்டு. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள், கை ஒடிந்தால் கட்டு தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. நின்று பேசிக்கொண்டிருக்கிறாள், உட்காரச் சொன்னால் மட்டும் வலி என்கிறாள் என்று கோயில் முற்றத்தில் பேசினது என் காதுக்கே வந்தது. யூனிபார்ம் துணிகளை இன்னொரு தையல்காரியிடம் பாதிக் கூலிக்குக் கொடுத்தபோது, துணி கொடுத்தவர்கள் சிலர் முகத்துக்கு நேரேயே முகம் திருப்பினார்கள். ராத்திரி எல்லாரும் தூங்கினபின் வராந்தாவில் நடந்துகொண்டே அழுவேன். வெளிநாட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: "இப்ப எப்படி இருக்கு" என்று தினமும் கேட்காதீர்கள். தினமும் மாறுகிற நோய் இல்லை இது. யார் கூட ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், சமையலுக்கு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். என் வீட்டுக்காரர் அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் மைனி வாரத்தில் சில நாள் வந்து நின்றார்கள்.

ஜூலை பிறக்கும்போது வலி முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. ஓணம் வருவதற்குள் இடுப்பில் ஒரு பிடிப்பு மட்டும். பெருவிரலின் பலம் திரும்பிவிட்டது, மேற்பக்கத்தில் ஒரு சிறு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. அது போக நாளாகும், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். வலி போனதும் பயிற்சியை விடாதீர்கள், ஒருமுறை பிதுங்கின இடத்தில் மறுபடி வர வாய்ப்புண்டு. இப்போது அரைமணி நேரத்துக்கு ஒருமுறை போனில் மணி வைத்து எழும்புகிறேன். தினமும் சாயங்காலம் நடக்கிறேன். மெஷினுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன், கழுத்தும் முதுகும் குனியாத அளவுக்கு. மோட்டார் பெடலை வலதுகாலுக்கு மாற்றிவிட்டேன்.

மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கரைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டாமா என்று பலரும் கேட்கிறார்கள். நானும் டாக்டரிடம் கேட்டேன். கால் நன்றாக இருக்கும்போது எதற்கு என்று கேட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அதற்கென்று எடுத்துவைத்திருந்த 6,500 ரூபாயை ஆசாரியிடம் கொடுத்தேன். அயனிப் பலகையில், என் இடுப்பு உயரத்துக்கு, ஒரு வெட்டுமேசை செய்து தந்தார். நின்றுகொண்டே துணி வெட்டுகிறேன்.